கையறியும் சேய்மை

அண்மைப் பொருளைப் பெரிதாகவும் சேய்மைப் பொருளைச் சிறிதாகவும் வரைந்து, தட்டையான தாளில் ஆழத்தைக் காட்டுவது ஓவியர் மரபு. நிறத்தைப் போலவே இதுவும் கண்ணுக்கு மட்டும் உரியது, பார்வையற்றோர்க்கு எட்டாதது என்பர் பலர். இக்கொள்கை ஆராயத்தக்கது.

நம் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பை எண்ணுக. அதன் அகலம் 5 அடி எனக் கொள்வோம். அதன் நடுவே நிற்கும் பார்வையற்ற சிறுவன், இரண்டரை அடி முன்னேயுள்ள சுவரை ஒரு கையாலும், அதற்கு நேரெதிரான தூணை மறுகையாலும் சுட்டுவானாயின், அவ்விரு திசைகளுக்கும் இடையே செங்கோணம் அமையும். 50 அடிக்கு அப்பாலுள்ள சுவரையும் தூணையும் சுட்டும்போதோ அக்கோணம் 6 பாகைக்கும் குறையும். இஸ்தோப்பின் அகலம் மாறவில்லை, திசைகளே நெருங்கின. ஓவியன் தாளில் வரைவதும் இந்நெருக்கத்தையே. ஆதலின் இம்முறையின் வேர் திசையில் உள்ளது, ஒளியில் அன்று.

தொரன்றோப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் கெனடி, பார்வையற்றோரின் சித்திரங்களை ஆராய்ந்து 1993இல் நூலொன்று வெளியிட்டார். பிறவியிலேயே பார்வையற்றவரான துருக்கி ஓவியர் எஷ்ரெஃப் அர்மாகான், கனசதுரங்களைச் சேய்மைக்கேற்பச் சிறுக்க வரைந்ததை, அவரும் துணை ஆய்வாளர் ஒருவரும் 2006இல் எடுத்துக் காட்டினர்.

அர்மாகான் விழியுடையோர் சொல்லக் கேட்டுக் கற்றிருக்கலாமே எனச் சிலர் மறுப்பர். கற்றிருக்கலாம், அதனால் வாதம் தளராது. கண்ணே போதிய ஆசானாயின், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்சு நகரத்துப் புரூனெலெஸ்கி இம்முறையை மெய்ப்பித்துக் காட்டும் வரை உலகம் காத்திருந்திராது. விழியுடையோரும் இதனைக் கற்றே வரைகின்றனர். பேசத் தெரிந்தவனும் எழுத்தைத் தனியே பயில வேண்டுவது போன்றதே இது. நிறமும் நிழலும் பார்வையற்றோர்க்கு எட்டா என்பது உண்மையே. ஆயின் அவை வேறு, இது வேறு.

எனவே, சித்திர பாட வேளையில் பார்வையற்ற மாணவனை வாளாவிருக்கச் செய்தல் பொருந்தாது. இறப்பர் விரித்த பலகைமேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை வைத்து எழுதுகோலால் அழுத்தின் கோடு மேலெழும். அதனை விரல் படிக்கும். முதலில் இஸ்தோப்பில் நிறுத்திச் சுட்டச் செய்க. பின்னர் வரையச் செய்க. அவன் கை முன்னரே அறிந்ததைத் தாளில் இடக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.