டேவிட் ட்யூடரும் எங்க வீட்டு அண்டாவும்

போன மாசம் கண்டரமாணிக்கம் வீட்டுக்குப் போயிருந்தப்ப, இரண்டாங்கட்டில் கவிழ்த்துக் கிடந்த பித்தளை அண்டாவின் முதுகில் ஒரு அதிர்வுப்பொறியை ஒட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் கூம்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்குமே, ஏறக்குறைய அதுதான். சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒரு தவில் பதிவை அனுப்பினேன். தவில் வரலை. அண்டாதான் பேசியது. தனக்குப் பிடித்த இரண்டு மூன்று சுருதிகளை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. பட்டாசாலையிலிருந்து அப்பத்தா, “யாரப்பா அங்க, அண்டாவ உருட்டுறது?” என்று குரல் கொடுத்தார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1968இல் டேவிட் ட்யூடர் ‘ரெயின்ஃபாரஸ்ட்’டில் செய்ததன் ஏழை வடிவம். மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காகச் செய்தது அது. பொருளே ஸ்பீக்கர். அந்தப் பொருளிலேயே ஒரு மைக்கை ஒட்டி, அது வடிகட்டித் தரும் ஒலியை மறுபடியும் கூடத்துக்குள் விடுவார்.

ட்யூடரைப் பற்றி எழுதுகிறவர்கள் முக்கால்வாசி ஜான் கேஜிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1952இல் கேஜின் 4'33"ஐ முதன்முதலில் மேடையேற்றிய பியானோக்காரர் என்று ஒரு வரி. அப்புறம் கன்னிங்ஹாம், அப்புறம் 1970 ஒசாகா கண்காட்சியின் பெப்சி அரங்கு. எப்பவும் யாரோ ஒருத்தர் பக்கத்தில் நிற்கும் ஆள். பக்கவாத்தியக்காரருக்கு நம்ம கச்சேரி விமர்சனங்களில் கடைசி வரி கிடைக்குமே, அந்த மாதிரி. ஆனால் ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ மாதிரியான ஒன்றை கேஜ் எழுதினதே இதை வாசிக்க இந்த ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான். அறுபதுகளில் பியானோவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, தானே கோர்த்த சின்னச் சின்ன மின்சுற்றுப் பெட்டிகளுக்கு மாறினார். பெட்டியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே திருப்பிவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே வாசிப்பது. கட்டுப்படுத்துவது பாதி, விட்டுக்கொடுப்பது பாதி.

இனி நமக்குப் பக்கத்துக் கதை. 1946இல் நியூயார்க் போன கீதா சாராபாய், கேஜிடம் மேற்கத்திய கவுன்டர்பாயின்ட் கற்றுக்கொண்டு, பதிலுக்கு அவருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். கன்னிங்ஹாம் குழு 1964 உலகச் சுற்றில் இந்தியாவுக்கும் வந்தது. இந்தத் தொடர்பின் தொடர்ச்சியாக 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரை வைத்து ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தவர் ட்யூடர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா அங்கே வேலை செய்தார்கள். சில வருடத்தில் அடங்கிவிட்டது. நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் கிடந்த நாடாக்களை பால் புர்காஸ் தேடியெடுத்து, 2023இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்று வெளியிட்டார்.

அதைத் தொலைந்துபோன பொக்கிஷம் என்கிறார்கள். நான் அந்தளவுக்குப் போக மாட்டேன். பல துண்டுகள் பயிற்சிதான்; இந்தக் குமிழைத் திருகினால் என்ன ஆகும் என்று பார்ப்பது. அதில் தப்பில்லை, ஆனால் பயிற்சியைப் பயிற்சி என்றே கேட்கணும். ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ வேற ரகம். சின்னப் பையன் ஒருத்தன் எதிர்காலத்தை நிஜமாகவே நம்பியிருக்கிறான் என்று தெரிகிறது. சர்மாவின் ‘டான்ஸ் மியூசிக்’கில் தாளம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறது, நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

என்னை உறுத்துவது வேற ஒன்று. 1973இல் நியூ ஹாம்ப்ஷயரின் சொகோருவாவில் ஒரு பட்டறையில் ட்யூடர் இளைஞர்களுக்கு ரெயின்ஃபாரஸ்டைச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் ‘ரெயின்ஃபாரஸ்ட் 4’ ஆனது, ‘கம்போசர்ஸ் இன்சைட் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற குழுவும் அதிலிருந்து வந்தது. ட்யூடர் 1996இல் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குழு நிற்கவில்லை. அகமதாபாத்தில் மட்டும் ஏன் நின்றுபோச்சு? பணம், நிர்வாகம் என்று காரணம் அடுக்கலாம். என் வாசிப்பு இது: அங்கே கொடுத்தது ஒரு வழி, இங்கே வந்து இறங்கியது ஒரு இயந்திரம். வழியைக் கற்றவன் பழைய இரும்புக்கடையில் பொருள் பொறுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். இயந்திரத்தைக் கற்றவன், அது இருக்கும் அறையின் சாவி யார் கையில் என்று பார்த்துக்கொண்டிருக்கணும். இத்தனைக்கும் ட்யூடர் தன் சொந்த வேலைக்குக் கடைச் சிந்தசைசரைப் பெரிதாக நம்பின ஆளே இல்லை.

அந்தக் குழுவும் எல்லாத்தையும் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. 2019இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிட்ட ‘ரெயின்ஃபாரஸ்ட் 5’ தானாகவே ஓடும் வடிவம். வாசிப்பவர் யாரும் வேண்டாம். கோயிலில் பட்டனைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும் மின்சார மேளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் உதைக்கும். தீபாராதனை நேரத்தில் சத்தம் வருகிறது, சரி. ஆனால் ஆள் எங்கே?

அண்டாவுக்கு வருகிறேன். மறுநாள் அப்பத்தாவே வந்து, “அந்தச் செம்புத் தவலையில ஒட்டிப் பாரு, அது சத்தம் நல்லாருக்கும்” என்றார். ஒட்டினேன். அவர் சொன்னது சரி. பித்தளையைவிட இரண்டு மடங்கு நேரம் இழுத்தது.