பிறர் எழுதிய பாரசீகம்

தமிழ் முஸ்லிம்களுக்குப் பாரசீகம் தொலைவான நாடு. ஆனால் அந்நியமான நாடன்று. நம் புலவர்கள் ‘நாமா’ என்ற பெயரில் ஓர் இலக்கிய வகையையே வளர்த்தார்கள். அது பாரசீகம் தந்த சொல். ஸஅதியின் அறவுரையும் ரூமியின் ஞானமும் நம் ஆலிம் பெருமக்களின் சொற்பொழிவுகளில் எடுத்தாளப்படுகின்றன. கவிஞர்களை இவ்வளவு நெருக்கமாக அறிந்த நாம், அக்கவிஞர்களைப் பெற்ற மக்களை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம்? ஆள்வோரின் விருப்பமே சட்டம் என்ற நிலையை மாற்ற நூறாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் நடத்திய போராட்டத்தை நாம் யாருடைய எழுத்தின் வழியே படித்தோம்?

பெரும்பாலும் பிறருடைய எழுத்தின் வழியேதான். பிறர் எழுதியது என்பதற்காகவே ஒரு நூலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அண்டை வீட்டார் பார்வைக்கும் ஒரு பயன் உண்டு. ஆயினும் உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். இந்நூலில் ஈரானிய மக்கள் தாமே பேசுகிறார்களா, அல்லது அவர்களை ஊமையாக்கிவிட்டு ஆசிரியர் பேசுகிறாரா? இந்த ஒரு கேள்வியோடு சில எழுத்துகளை அணுகிப் பார்ப்போம்.

பிரௌனின் நேர்மை

1890ஆம் ஆண்டு நாசிருத்தீன் ஷா தம் நாட்டுப் புகையிலை வாணிபம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். 1891 டிசம்பரில் மீர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் வெளிவந்த ஃபத்வா, புகையிலையைத் தொடுவதையே விலக்கியது. மக்கள் புகைப்பதை நிறுத்தினர். மறுமாதமே ஷா பணிந்து ஒப்பந்தத்தை நீக்கினார். ஒன்றுபட்டால் மன்னனையும் வழிக்குக் கொண்டுவரலாம் என்று அம்மக்கள் அன்று கற்றார்கள். 1906ஆம் ஆண்டில் அவர்கள் கேட்டது அதனினும் பெரிது: பாராளுமன்றமும் அரசியல் சட்டமும். அவ்வாண்டு கோடையில் 12,000க்கும் மேற்பட்டோர் டெஹ்ரானிலிருந்த பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் அடைக்கலம் புகுந்து அமர்ந்தனர். முஸஃப்பருத்தீன் ஷா இணங்கினார். மஜ்லிஸ் கூடியது.

இவ்வரலாற்றை மேல்நாட்டார்க்கு எடுத்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் பிரௌன். 1887, 1888ஆம் ஆண்டுகளில் பாரசீகத்தில் பயணம் செய்தவர். அம்மொழியின் இலக்கிய வரலாற்றை நான்கு தொகுதிகளில் எழுதியவர். 1910இல் வெளிவந்த அவருடைய ‘பாரசீகப் புரட்சி’ என்ற நூல் சையித் ஜமாலுத்தீன் ஆப்கானியிடமிருந்து தொடங்குகிறது. ஈரானியர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் அதில் மொழிபெயர்த்துத் தரப்பட்டிருக்கின்றன. அரசியல் சட்டமே பின்னிணைப்பாக நிற்கிறது. முல்லாக்களும் வணிகர்களும் பேச்சாளர்களும் பெயரோடும் நிழற்படத்தோடும் வருகிறார்கள். தாம் பேசுவதைக் குறைத்து அவர்களைப் பேசவிட்டார் என்பதே இந்நூலின் சிறப்பு.

குறையும் உண்டு. உண்மையை எடுத்துக் கூறினால் தம் நாட்டு அரசு மனம் மாறும் என்று அவர் நம்பினார். தூதரகத் தோட்டத்தில் மக்களை இருத்தி வைத்த அதே பிரிட்டன், 1907 ஆகஸ்டில் ரஷ்யாவோடு கூடிப் பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக் கொண்டது. வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேக்கு ரஷ்ய நட்பே பெரிதாயிருந்தது. பிரௌன் 1908இல் சிலரோடு சேர்ந்து அமைத்த பாரசீகக் குழுவின் தலைவர் லின்ச்சோ, காரூன் ஆற்றில் கப்பல் விட்ட வாணிபக் குடும்பத்தவர். அறமும் ஆதாயமும் ஒரே மேசையில் அமர்ந்திருந்ததைப் பிரௌனின் நல்லுள்ளம் போதிய அளவு எடைபோடவில்லை.

ஷஸ்டர் கண்ட பெண்கள்

1908 ஜூன் 23ஆம் நாள், ரஷ்யத் தளபதி லியாகோவின் கீழிருந்த கோசாக் படை, முஹம்மத் அலீ ஷாவின் விருப்பப்படி மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தது. தப்ரேஸ் நகரம் மட்டும் பணிய மறுத்தது. சத்தார் கானும் பாகிர் கானும் தலைமையேற்க, பட்டினியோடு அந்நகரம் முற்றுகையைத் தாங்கியது. அங்கு மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த அமெரிக்க இளைஞர் ஹோவர்ட் பாஸ்கர்வில், பணியைத் துறந்து போராளிகளோடு சேர்ந்து, 1909 ஏப்ரலில் தம் 24ஆம் வயதில் குண்டுபட்டு இறந்தார். அவர் நூல் எதுவும் எழுதவில்லை. ஈரானியர் தொடங்கிய போரில் அவர்களுள் ஒருவராக நின்றார், அவ்வளவே. இன்றும் அவர்கள் அவரை மறக்கவில்லை.

1909 ஜூலையில் மக்கள் படை டெஹ்ரானை மீட்டது. 1911 மே மாதத்தில் மஜ்லிஸின் அழைப்பை ஏற்றுக் கருவூலத் தலைவராக வந்தார் மற்றோர் அமெரிக்கரான மோர்கன் ஷஸ்டர். அவரை நீக்க வேண்டும் என்று ரஷ்யா நவம்பரில் இறுதி எச்சரிக்கை விடுத்தது. மஜ்லிஸ் மறுத்தது. டிசம்பரில் மஜ்லிஸே கலைக்கப்பட்டது. நாடு திரும்பிய ஷஸ்டர் 1912இல் ‘பாரசீகத்தின் குரல்வளை நெரிப்பு’ என்ற நூலை எழுதி அதைப் பாரசீக மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

நூலின் பெரும்பகுதி அவருடைய கணக்குவழக்குப் போராட்டமே. ஆனால் ஓர் இடத்தில் அவர் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். எச்சரிக்கை வந்த நாட்களில் ஏறத்தாழ 300 பெண்கள் முகத்திரையோடு மஜ்லிஸுக்குச் சென்றார்கள். பலர் ஆடைக்குள் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் நாட்டின் உரிமையை விட்டுக்கொடுத்தால் தம் கணவரையும் மக்களையும் கொன்று தாமும் மாள்வோம் என்று சூளுரைத்தார்கள் என அவர் எழுதுகிறார். கீழ்நாட்டுப் பெண் என்றாலே திரைக்குப் பின்னால் வாய்மூடிக் கிடப்பவள் என்று அன்றைய மேல்நாட்டு நூல்கள் ஓதிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் வேறொன்றைச் சொல்லியது. திரையணிந்தவர்களும் நாட்டின் தலைவிதியைப் பற்றிப் பேசினார்கள். அப்படிப் பேசும்படி அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

தலைப்பிலேயே பொய்

மூன்றாவது நூல் முற்றிலும் வேறு வகை. 1951இல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முஹம்மத் முஸத்திக், 1953 ஆகஸ்ட் 19ஆம் நாள் கவிழ்க்கப்பட்டார். கவிழ்ப்பை டெஹ்ரானிலிருந்து நடத்திய அமெரிக்க உளவுத்துறை அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட், 1979இல் தம் சாதனையை நூலாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘எதிர்க்கவிழ்ப்பு’ என்ற பொருள்படுவது. அதாவது, சட்டப்படி ஆண்டவர் செய்ததுதான் கவிழ்ப்பாம். இரவில் மறைந்து வந்து பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் செய்தது அதற்கு மறுப்பாம்! தலைப்பிலேயே இப்படிப் புரட்டும் நூலை வரலாறென்று எவ்வாறு ஏற்பது?

இந்நூலில் ஈரானியர் உண்டு, மக்கள் இல்லை. விலைக்கு வாங்கத்தக்க கூட்டமும், தேற்றி நிறுத்த வேண்டிய மன்னனும், ஏவலுக்குக் காத்திருக்கும் அதிகாரிகளுமே உண்டு. அந்த உளவுத்துறை தன் பங்கைத் தன் ஆவணங்களின் வாயிலாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2013 ஆகஸ்ட் வரை ஆயிற்று, அறுபது ஆண்டுகள்! முஸத்திக் மூன்றாண்டு சிறையிருந்து, பின் அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, 1967இல் காலமானார். நீதியின் பொருட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆயத்துல்லாஹ் காஷானி போன்று முன்பு துணைநின்று பின்பு விலகிய உள்நாட்டாரும் அந்த வீழ்ச்சியில் இருந்தார்கள். எல்லாப் பழியையும் வெளியார் மேல் போடுவதும் அம்மக்களைப் பொம்மைகளாக்குவதே.

வியந்தவரின் தவறு

பகைவரின் நூல் பிழைபடுவது வியப்பன்று. நண்பரின் எழுத்தும் பிழைபடும் என்பதற்குப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷேல் ஃபூக்கோ சான்று. 1978 செப்டம்பர் 8ஆம் நாள் டெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் ஷாவின் படை மக்களைச் சுட்டுக் கொன்ற சில நாட்களில் அவர் அங்குச் சென்றார். நவம்பரிலும் சென்றார். இத்தாலிய நாளேடு ஒன்றில் தொடர்ந்து எழுதினார். வெறுங்கையோடு வீதியில் நின்ற மக்களின் வீரத்தை அவர் கண்டது உண்மை. மேல்நாடு மறந்துவிட்ட ஆன்மிக அரசியல் அங்கு மலர்வதாக வியந்தார்.

அந்த வியப்பில்தான் தவறு புகுந்தது. தம் நாகரிகத்தின் மீதிருந்த சலிப்புக்கு அவர் ஈரானில் மருந்து தேடினார். பாரிஸில் வாழ்ந்த ஈரானியப் பெண் ஒருவர், புனைபெயரில், அவருடைய கட்டுரையை மறுத்துக் கடிதம் எழுதினார்: தொலைவிலிருப்போர்க்கு மருந்தாகத் தோன்றுவதைக் குடிக்க வேண்டியவர்கள் நாங்கள் அன்றோ என்பது அதன் சாரம். தம் கட்டுரையை அவர் படிக்கவேயில்லை என்று சொல்லி அறிஞர் அப்பெண்ணை ஒதுக்கினார். 1979 பிப்ரவரியில் புரட்சி வென்றது. மார்ச் 8ஆம் நாளே, திரை கட்டாயமாகலாகாது என்று டெஹ்ரான் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரலில், விசாரணையின் பெயரால் நடந்த மரண தண்டனைகளைக் குறித்துப் பிரதமர் பாஸர்கானுக்கு ஃபூக்கோ திறந்த மடல் எழுதினார். காலம் தாழ்ந்தாலும் எழுதினார் என்பதை மறுக்க வேண்டாம். ஆயினும் அந்தப் பெண்ணின் கடிதத்தை முன்னரே செவிமடுத்திருந்தால்?

நம் பங்கு

இனி, உரைகல்லை நம் மீதே உரைத்துப் பார்ப்போம். 1979இல் உலக முஸ்லிம்களில் மிகப் பலர் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி பொய்யன்று, ஷாவின் சிறைகளும் பொய்யல்ல. ஆனால் பின்னர்? 1988இல் சிறைகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, ஆட்சியின் அடுத்த தலைவராகக் குறிக்கப்பட்டிருந்த ஆயத்துல்லாஹ் முன்தஸிரியே கண்டித்துத் தம் பதவியை இழந்தார். வெளியே மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் அவரோடு நின்றார்கள்? 2022 செப்டம்பரில் திரை ஒழுங்கின் பெயரால் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமீனி என்ற இளம்பெண் காவலில் இருந்து பிணமானபோது, ஈரானியப் பெண்கள் எழுந்தார்கள். அவர்களுக்காகப் பேசினால் இஸ்லாத்தின் பகைவர்க்குத் துணைபோவதாகும் என்று நம்மில் பலர் வாளாவிருந்தோம்.

அந்த அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான் மீது குண்டு பொழிந்தபோது, ஈரானியரின் விடுதலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் விடுதலை கேட்டோர் அடைபட்டிருந்த எவின் சிறை மீதே இஸ்ரேலியக் குண்டு விழுந்தது. கைதிகளும், அவர்களைக் காண வந்த உறவினரும், ஊழியரும் மாண்டார்கள். பெண்களின் கண்ணீரைக் காட்டிக் குண்டு வீசுவோரும், குண்டைக் காட்டிப் பெண்களின் கண்ணீரை மறைப்போரும் செய்வது ஒன்றே. இரு சாராரும் ஈரானியரைக் கேட்பதில்லை.

சமயத்தின் பெயரால் வரும் கொடுமையைக் கண்டிப்பது மேல்நாட்டுச் சரக்கும் அன்று. 1909இலேயே நஜஃபில் மார்க்க அறிஞர் நாயீனி, அரசியல் சட்டத்தை ஆதரித்து எழுதிய நூலில், மன்னனின் கொடுங்கோன்மையைப் போலவே சமயப் போர்வை போர்த்த கொடுங்கோன்மையும் உண்டென்றும், அதைக் களைவது கடினமென்றும் எச்சரித்தார். 1955இல் ஆயத்துல்லாஹ் தாலிகானி அதை விளக்கத்தோடு மீண்டும் பதிப்பித்தார். அரசியல் சட்டப் போராட்டத்தின் வரலாற்றைத் தப்ரேஸைச் சேர்ந்த அஹ்மத் கஸ்ரவி எழுதினார். அவருடைய சமயக் கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. கருத்துக்காக 1946இல் அவர் நீதிமன்றத்திலேயே வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டதும் நமக்கு உடன்பாடன்று. அவர் நூலின்றி அப்போராட்டத்தை அறிய இயலாது. நம் காலத்தில் 2003இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஷிரீன் இபாதியின் தன்வரலாறு இருக்கிறது.

பாரசீகம் பயின்றோர் நம்மிடையே இருப்பின், நாயீனியையும் கஸ்ரவியையும் மூலத்திலிருந்தே தமிழாக்கித் தருவது பெருந்தொண்டாகும். அதுவரை, ஈரானைப் பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தாலும், இதையும் சேர்த்துத்தான், அதில் ஈரானியரின் குரல் எங்கே என்று வாசகர்கள் கேட்கட்டும். சாட்சியம் நமக்கே எதிராயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. தொலைவிலிருக்கும் ஒரு மக்களைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சாட்சியமே.