அஞ்சிய நெஞ்சின் பாட்டை எப்படி ரசிப்பது?

பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் திருப்பூரில் அச்சத்துக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டுவதில்லை. நூல் விலை ஏறினாலும் அச்சம், ஆர்டர் குறைந்தாலும் அச்சம். 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நொய்யல் ஆற்றங்கரையெங்கும் பரவிய திகிலும், 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது கம்பெனி வாசல்தோறும் வந்து நின்ற கலக்கமும், முதலாளி முதல் கைமடிக்கும் பெண் வரை எவரையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய ஊரில் ஞாயிறுதோறும் ஆலயங்களிலும், லைன் வீடுகளின் வாசலில் பாய் விரித்து நடத்தும் ஜெபக் கூட்டங்களிலும் ஒலிக்கின்ற சங்கீதங்களையும் கீர்த்தனைகளையும், ஏதோ ஆறுதலான பாட்டுகள் என்ற அளவில் கேட்டுவிட்டு எழுந்து போவோமானால், அவற்றின் உள்ளே நடக்கிற காரியத்தை நாம் காணாமலே போய்விடுவோம்.

முதலாவது, ஆறுதலுக்கு அவசரப்படக் கூடாது. வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனங்கள். இன்னும் எத்தனை காலம் என்னும் கேள்வியை முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை கேட்கிறார் கவி: ஆண்டவர் தம்மை மறந்திருப்பது எதுவரை, முகத்தை மறைத்துக்கொள்வது எதுவரை, தம் நெஞ்சோடு தாமே ஆலோசித்துத் தவிப்பது எதுவரை, பகைவன் ஓங்கி நிற்பது எதுவரை என்று. அந்த மூன்றாவது கேள்வியில் சற்று நில்லுங்கள். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து படுத்தும் உறக்கம் வராமல், வட்டிக்கும் வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுப் போட்டு விடியக் கண்டவர் எவரும் தம்முடைய இரவை அங்கே அடையாளம் கண்டுகொள்வார். செக்கிங் மேசையில் நிற்கும் பெண் துணியை விளக்கொளியில் விரித்து, ஓட்டை விழுந்த இடத்தை மடித்து மறைக்காமல் அதன் அருகிலேயே ஸ்டிக்கர் ஒட்டி அடையாளமிடுகிறாளே, அதைப் போலவே இந்தக் கவியும் தம் சஞ்சலத்தை இருந்த இடத்தில் இருந்தபடியே விரித்துக் காட்டுகிறார். பிறகு ஐந்தாம் வசனத்தில் பாட்டு திரும்புகிறது. பகைவன் தொலைந்தான் என்றோ ஆபத்து விலகிற்று என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. நிலைமை இருந்தபடியே இருக்கிறது. தனக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்த ஆலோசனை ஒருவரிடம் சொல்லும் முறையீடாகிவிட்டது என்பது ஒன்றே நடந்திருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசத்தில் சாந்தி பிறக்கிற இடம் அதுவே என்பது என் துணிபு. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே மூச்சை நிறுத்தி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்தத் திருப்பம் காதுக்குப் புலப்படும்.

இதே செவிப்பயிற்சியோடு, கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களிலெல்லாம் தொங்குகின்ற 23-ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடமாகிவிட்டதால் இதை உண்மையில் கேட்டவர்கள் சிலரே. முதல் மூன்று வசனங்களில் கடவுளைப் படர்க்கையில் வைத்து, அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிற பாட்டு, மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கால் வைக்கின்ற நான்காம் வசனத்தில், எவ்வித முன்னறிவிப்புமின்றி முன்னிலைக்கு மாறிவிடுகிறது. புல்வெளியில் நின்று அவரைப் பற்றிப் பேசியவர், இருட்டில் அவரோடு பேசத் தொடங்குகிறார். பள்ளத்தாக்கு அகற்றப்படவில்லை, அதற்குள் ஒரு சம்பாஷணை நடக்கிறது.

நிற்க, தமிழ்க் கீர்த்தனைகளின் சுவை வேறு வகையானது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, சரபோஜி மன்னரோடு ஒருசாலை மாணாக்கராயிருந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர், ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளோடு நின்றுவிடாமல், பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் நம் நாட்டு உருவத்திலேயே பாடிவைத்தார்கள். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853-இல் இத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். இந்த உருவத்தின் விசேஷம் பல்லவி திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. முதல் முறை பாடும்போது வெறும் வேண்டுகோளாக நின்ற பல்லவி, ஒரு சரணத்தில் வியாதியையும் மற்றொன்றில் தனிமையையும் சொல்லிவிட்டு வந்து தொடும்போது, சொல் ஒன்றும் மாறாமலே கனத்துவிடுகிறது. ஆகையால் சரணங்களைத் தள்ளிவிட்டுப் பல்லவியை மட்டும் நீட்டிப் பாடுகின்ற இன்றைய வழக்கம் எனக்கு உவப்பாயில்லை. கீபோர்டும் டிரம்ஸும் இல்லாமல், சரணத்தை ஒருவர் பாடப் பல்லவியைக் கூட்டம் எடுத்துக்கொள்கிற சிறிய ஜெபக் கூட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் தம் ஊர் மெட்டின் சாயலோடு பாடுவதும், நடுவில் தொண்டை அடைத்து நின்றுவிட்ட ஒருத்திக்காக மற்றவர்கள் அடியை முடித்துக்கொடுப்பதும் அங்கேதான் கேட்கும்.

திரும்பத் திரும்ப வரும் இந்தப் பல்லவிக்குக் கத்தோலிக்க மரபில் இணையானது ஜெபமாலை. அவிநாசியிலிருந்து கோவைக்குச் செல்லும் வழியில், விசைத்தறி ஓசைக்கு நடுவே நிற்கும் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம், பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஜெபமாலையில் செவ்வாயும் வெள்ளியும் சொல்லப்படும் துயர மறையுண்மைகளில் முதலாவது, கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியாகுலப்பட்டு வியர்த்தது. பத்து முறை ஒரே மன்றாட்டு உதட்டில் உருள, மனம் அந்த இரவில் தங்கியிருக்க வேண்டும். அஞ்சுவதே அவிசுவாசம் என்று நினைத்து வெட்கப்படுகிறவர், தாம் தொழும் கடவுளும் அங்கே நடுங்கியதைப் பார்த்துக்கொண்டே மணிகளை எண்ணுவார்.

கதையாகப் படிக்க விரும்புவோருக்கு ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) இருக்கிறது. வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அப்புலவர், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட கதையைத் தழுவி அதைக் காவியமாக்கினார். அந்த ஆங்கில மூலத்தில், நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் யாத்திரிகர் இருவரைப் புதன் காலையிலிருந்து சனி இரவு வரை சோறு தண்ணீரின்றி நிலவறையில் அடைத்து வைக்கிறான். சனி நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கிய அவர்களில் ஒருவனுக்கு, விடியும் வேளையில், வாக்குத்தத்தம் என்னும் சாவி இத்தனை நாளும் தன் மார்போடு இருந்தது நினைவுக்கு வருகிறது. வாரக் கூலி வாங்கி, கடன்காரருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ச் சனி இரவில் இப்பகுதியைப் படிப்பது மிகப் பொருத்தம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 88-ஆம் சங்கீதம் எங்கும் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துப் போற்றினார்கள் என்பதைப் பாட்டு பலிக்காத நாளில் நினைவில் வையுங்கள். மார்பு படபடப்பும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவாகாது. பவுலின் தோழராகிய லூக்காவே வைத்தியர் அல்லவா?

இறுதியாக, 121-ஆம் சங்கீதத்தை இருவராகச் சொல்லிப் பாருங்கள். யாத்திரைக்குப் போகிறவர்கள் பாடிய ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தில் இது ஒன்று. முதல் இரண்டு வசனங்களில், எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று தன்மையில் பேசுவது ஒரு குரல். மற்ற ஆறு வசனங்களில், உன்னைக் காப்பவர் உறங்குவதில்லை என்றும், நீ புறப்படுவதையும் திரும்புவதையும் காப்பார் என்றும் முன்னிலையில் விடை சொல்வது வேறு குரல் போலவே ஒலிக்கிறது. இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் முதற்பகுதியைச் சொல்ல, வீட்டிலிருப்பவர் மற்றதைச் சொல்லட்டும். மறு வாரம் முறை மாறட்டும். அறையெடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவர்கள் ஊரிலுள்ள அம்மாவைப் போனில் அழைத்து, அந்த ஆறு வசனங்களையும் அவர் வாயால் சொல்லக் கேட்கலாம்.