எம்35ஏ2: ராணுவம் கழித்த லாரியோடு இரண்டு கோடை

வண்டிக்குச் சாவி கிடையாது. டேஷ்போர்டில் உள்ள கைப்பிடிச் சுவிட்சைத் திருப்பியதும் டேங்குக்குள் மின் பம்ப் ரீங்கரிக்கும். கூடவே, ஏர் போதவில்லை என்று பஸ்ஸர் கத்தத் தொடங்கும். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ஆறு சிலிண்டரும் தடதடத்து எழும். பின்னாலேயே டர்போவின் சீட்டி. ஏர் அழுத்தம் 60 பவுண்டைத் தாண்டி பஸ்ஸர் ஓயும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. அதுவரை ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, டயர்களையும் ஹப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். டெக்சாஸில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் இந்த லாரியோடு இரண்டு கோடைகாலம் பழகியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

எம்35 குடும்பத்தை அமெரிக்க ராணுவத்தில் ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள். கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் பாரம் என்று கணக்கு. நல்ல ரோட்டில் அதைப்போல இரு மடங்கு ஏற்றலாம். முதல் வண்டிகளை 1950 வாக்கில் ரியோ கம்பெனி செய்தது. பிறகு கைசர், ஏஎம் ஜெனரல் என்று கைமாறி 1980கள் வரை உற்பத்தி நடந்தது. கழித்துவிட்ட வண்டிகள் பாதுகாப்புத் துறையின் சொத்துக்கழிப்புப் பிரிவு வழியாக ஏலத்துக்கு வரும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே எஸ்எஃப்-97 என்ற படிவம் கிடைக்குமா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் பதிவுக்கு அலைந்து மாள முடியாது.

சங்ககிரியில் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். வண்டி வீட்டுக்கு வந்த அன்று வீடியோ காலில் சுற்றிக் காட்டினேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டியவர், “அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. மொதல்ல பிரேக்கப் பிரி. ஓடாத வண்டி ஆளக் கொல்லாது, நிக்காத வண்டிதான் கொல்லும்” என்றார். “சரிங்ப்பா” என்றேன். அந்தப் பேச்சைக் கேட்டதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நிஜமாகவே நம்புகிறேன்.

இதன் பிரேக் நம் ஊர் லாரிகளைப் போல முழு ஏர் பிரேக் அல்ல. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஏர்பேக் (Air Pack) என்ற சாதனம் கம்ப்ரஸரின் காற்றைக் கொண்டு அந்த அழுத்தத்தைப் பெருக்கி, மூன்று ஆக்ஸிலிலும் உள்ள ஆறு வீல் சிலிண்டர்களுக்கு அனுப்பும். காற்று உதவிக்குத்தான், ஷூவை விரிப்பது ஆயில். ஆறுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். எங்கோ ஒரு மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், மிதி தரையைத் தொடும், எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அப்புறம் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒற்றை டிரம். நின்ற வண்டியை நிறுத்திவைக்கத்தான் லாயக்கு. ஆறு டன்னுக்குச் சற்றே குறைந்த இரும்பு இறக்கத்தில் உருளும்போது அதை நம்ப முடியாது.

ராணுவம் 1980களில் இந்த வண்டிகளைச் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாற்றியது. ஊதா நிறம், ஈரத்தை உறிஞ்சாது. வருஷக்கணக்காகச் சும்மா நிற்கும் வண்டிக்குத் துரு பிடிக்காமல் இருக்க நல்லது. சாதாரண டாட்-3 ஆயிலோடு அது சேரவே சேராது. என் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்தபோது மேலே ஊதா, அடியில் பழுப்புக் கசடு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ கைக்குக் கிடைத்ததை ஊற்றியிருந்தார். கழுவி ஊற்றி ஒப்பேற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆறு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ்களும், துரு தின்ற இரும்புக் குழாய்களும் புதிது. நான்கு சனிக்கிழமை போனது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, இரண்டு சர்க்யூட்டாகப் பிரிக்கும் வகைக்கு மாற்றியும் விட்டேன். அசல் வடிவம் கெட்டுவிடும் என்று இதை எதிர்க்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு அது சரி. குழந்தைகள் நடமாடும் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு இரண்டு சர்க்யூட் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

அடுத்து ஹப். பின் ஆக்ஸில்களில் உள்சீல் தேய்ந்தால் கியர் ஆயில் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு நான்கில் இரண்டு கசிந்தன. நனைந்த லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி போடும் வேலை கூடாது, மாற்றத்தான் வேண்டும். இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர் மரை. நட்டின் மேல் ‘எல்’ என்று பொறித்திருக்கும். அதைக் கவனிக்காமல் நீளக் குழாயை மாட்டி எம்பி ஸ்டட்டை முறித்தவர்கள் பலர். லாக் ரிங் வைத்த வீல்கள் என்பதால், டயருக்குக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். ரிங் சரியாக உட்காராமல் தெறித்தால் என்ன ஆகும் என்று சங்ககிரியில் சின்ன வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

இன்ஜினுக்கு வருவோம். கான்டினென்டல் வடிவமைத்த எல்டிடி-465, 7.8 லிட்டர், ஏறத்தாழ 130 குதிரைத்திறன். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் ஏற்கும், அவசரத்துக்கு பெட்ரோலும். எதை ஊற்றலாம் என்ற பட்டியலைத் தகட்டில் பொறித்து வண்டியிலேயே பதித்திருக்கிறார்கள். பிஸ்டன் தலையில் கோளமாக ஒரு குழி, அதன் சுவரில் எரிபொருளைப் படலமாகப் படியவைத்து எரிக்கும் முறை. ஜெர்மனியின் மான் நிறுவனம் கண்டது. ஜபல்பூரில் நம் ராணுவத்துக்குச் செய்த சக்திமான் லாரியும் மான் வடிவமைப்புதான். ஏலத்தில் வந்த சக்திமான்களைப் பிரித்துக் கோத்த அப்பாவுக்கு, நான் பிஸ்டன் படத்தை அனுப்பியதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டர்போவைச் சேர்த்தது பெரும்பாலும் புகையைக் குறைக்கத்தான். அதை நம்பி பம்பைத் திருகி எரிபொருளைக் கூட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். 2600 சுற்றுக்கு மேல் போகவே கூடாது. நிறுத்துமுன் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போவை ஆறவைத்து, பிறகு ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும். இதையெல்லாம் செய்தால் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடும்.

ஓட்டுவதற்கு எப்படி? பவர் ஸ்டியரிங் இல்லை, தோள் வலிக்கும். உச்ச வேகம் மணிக்கு 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். 70-ல் போனால் வண்டியும் ஆளும் நிம்மதி. டீசல் லிட்டருக்கு 4 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை.

இந்த வண்டியில் நான் மனதாரக் கும்பிடுவது அதன் ஒயரிங்கை. இரண்டு பேட்டரியைத் தொடராகக் கோத்த 24 வோல்ட். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை. மேனுவலில் அதே எண். ஒரு விளக்கு எரியவில்லையா, எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் பழுது கிடைத்துவிடும். டிஎம் 9-2320-361 என்ற வரிசை மேனுவல்களில் ஓட்டுநருக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று, உதிரிபாகத்துக்கு ஒன்று என்று தனித்தனி. புறப்படுமுன், ஓட்டத்தின் நடுவே, திரும்பியபின் என்று எதையெதைப் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை ஓட்டுநர் புத்தகத்திலேயே இருக்கிறது: ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீர், பெல்ட், கசிவு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்துக்கு வந்த பையனுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். பராமரிப்பைக் கற்றுத்தர 1951-இல் ‘பிஎஸ்’ என்று ஒரு பத்திரிகையே தொடங்கி, வில் ஐஸ்னர் என்ற பெரிய சித்திரக்கதைக் கலைஞரை அமர்த்தி இருபது வருஷம் வரையவைத்த ராணுவம் அது. இன்றைய கார்களில் போனட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியைத்தான் பார்க்கிறோம். வைத்திருப்பவன் பிரிக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த பொருளுக்கும் பிரிக்கக் கூடாது என்று செய்த பொருளுக்கும் உள்ள தூரத்தை இந்த லாரியின் அடியில் மல்லாந்து படுத்தபோதுதான் உணர்ந்தேன்.

கூட வாங்கியது எம்105ஏ2 ட்ரெய்லர், ஒன்றரை டன். டயரும் வீலும் லாரியினுடையவையே, அதனால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். பிரேக்குக்கு இரண்டு ஏர் லைன்கள். ஓட்டத்தில் கொக்கி கழன்றால் லைன் அறுந்து ட்ரெய்லர் தானே பிரேக் பிடிக்கும். ஆனால் அதற்கும் தனி மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உண்டு என்பதைப் பலர் மறந்தேபோகிறார்கள். விற்றவர் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றார். சிலிண்டரில் ஆயிலுக்குப் பதில் துருப்பொடிதான் இருந்தது. சாதாரண பிக்கப்பில் மாட்டி இழுக்க நினைப்பவர்கள், விளக்குகளை 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதோடு, பிக்கப்பில் ஏர் இல்லாததால் ட்ரெய்லரின் பிரேக் வேலை செய்யாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் அரை நாள் இதற்கென்று ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஏலத்தொகை எவ்வளவோ, ஏறத்தாழ அதே தொகையைப் பிரேக்குக்கும் டயருக்கும் தனியே எடுத்துவையுங்கள். முடியாதென்றால் விட்டுவிடுங்கள், வேறு யாராவது நன்றாக வைத்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு ட்ரெய்லரில் விறகேற்றிக்கொண்டு நாற்பது மைல் போய்வந்தேன். வந்ததும் அப்பா சொல்லிக்கொடுத்தபடி புறங்கையை வைத்து ஒவ்வொரு ஹப்பாகச் சூடு பார்த்தேன். லாரியின் ஆறும் ஒரே இளஞ்சூடு. ட்ரெய்லரின் வலப்பக்கம் மட்டும் கையை வைத்திருக்க முடியாத அளவு கொதித்தது. பேரிங் இறுக்கமா, ஷூ திரும்பவில்லையா என்று தெரியவில்லை. ஜாக்கியை எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பிரிக்க வேண்டும்.