பெருமூச்சு விடாதீர்கள்

ப்ரிட்ஜ் ஏலம் ஒரு குட்டி பாஷை. மொத்தம் 38 வார்த்தைதான். 35 ஏலங்கள், அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். இதற்குள் உங்கள் 13 சீட்டை எதிரே இருக்கும் கூட்டாளிக்குப் புரியவைக்க வேண்டும்.

இதில் வில்லன், 'வீக் டூ'. ஒரே ஜாதியில் (சீட்டு ஜாதிதான்!) ஆறு சீட்டு, கையில் சுமார் 6 முதல் 10 பாயிண்ட். கட்டு முழுக்க 40 பாயிண்ட் என்பதால் இது சோப்ளாங்கி கை. ஆனாலும் எதிராளி எடுத்த எடுப்பில் 'இரண்டு ஹார்ட்' என்கிறார். 35-ல் 8 ஏலம் காலி! உங்களைப் பேசவிடாமல் செய்வதே நோக்கம்.

உங்கள் கூட்டாளி 'டபுள்' என்கிறார். 'என்னிடம் நல்ல கை, ஹார்ட் குறைவு, உன் ஜாதியைச் சொல்லு' என்று அர்த்தம். உங்களிடம் ஆறு கிளாவர். 'மூன்று கிளாவர்' என்கிறீர்கள். உங்களிடம் 3 பாயிண்டா, 10 பாயிண்டா? 10 என்றால் அவர் மேலே போகலாம். 3 என்றால் போனால் அடி. அவருக்கு எப்படித் தெரியும்?

பலருக்குத் தெரியாமலே முகம் சொல்லிவிடும். இழுத்துச் சொன்னால் மட்டக் கை, பளிச்சென்று சொன்னால் நல்ல கை. கூட்டாளியின் தயக்கத்தை வைத்து முடிவெடுப்பதை ஆட்ட விதி 16 தடுக்கிறது. சுத்தமாகச் சொன்னால், திருட்டு.

இதற்கு மருந்து 'லெபன்சோல்'. மட்டக் கை என்றால் 'இரண்டு நோட்ரம்ப்' சொல்லுங்கள். கூட்டாளி பெரும்பாலும் 'மூன்று கிளாவர்' சொல்வார், நீங்கள் பாஸ். நேராக 'மூன்று கிளாவர்' சொன்னால் நல்ல கை. ஒரே இடத்துக்கு இரண்டு வழி; எந்த வழியில் வந்தீர்கள் என்பதே சேதி.

குறை இல்லாமல் இல்லை. நிஜமாகவே இரண்டு நோட்ரம்ப் ஆட ஆசைப்பட்டால் முடியாது. ஒருவர் மறந்தாலும் கந்தல். பெயர்கூடத் தப்பு. கென்னத் லெபன்சோல்டு என்பவர் தலையில் கட்டினார்கள். அவரோ 'நான் கண்டுபிடிக்கவில்லை' என்றுவிட்டார். ஸ்பெல்லிங்கும் பிழை. முதல் டபுளே அசட்டு டபுளாக இருந்தால் எந்த உத்தியும் காப்பாற்றாது.

இருந்தும் என் ஓட்டு இதற்கே. முகம் ரகசியமாகச் சொல்வதை இது ஏலத்தில் பகிரங்கமாகச் சொல்கிறது. எதிராளி கேட்டால் அர்த்தத்தை விளக்கியே ஆகவேண்டும். பெருமூச்சுக்கு யாராவது விளக்கம் கேட்க முடியுமா?