நாட்குறிப்பும் காமிராவும்

வயதில் இளையவர் தன்வரலாறு எழுதலாமா என்ற வினா நம் கல்விச் சூழலில் பெரும்பாலும் ஏளனத்தோடுதான் எழுப்பப்படுகிறது. உஸாமா இப்னு முன்கித் 'கிதாபுல் இஃதிபார்' நூலை உருவாக்கியபோது தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முன்கித் மினள் ளலால்' எழுதியபோது ஐம்பதைக் கடந்திருந்தார்கள். வாழ்வின் பெரும்பகுதியைக் கடந்து, திரும்பிப் பார்த்து, சிதறியவற்றை ஒரு பொருளுக்குள் கொண்டுவருவதே தன்வரலாறு என்று நாம் பயின்றிருக்கிறோம். யூடியூபில் காணொளிகள் வெளியிட்டுப் புகழடைந்த இருபது வயதினர் 2014ஆம் ஆண்டு முதல் வரிசையாக நினைவுக்குறிப்பு நூல்களோடு வந்தபோது, அவற்றைப் படிக்காமலே ஒதுக்குவதற்கு இந்த அளவுகோல் போதுமானதாக இருந்தது. அவற்றுட் பல அப்படி ஒதுக்கத் தக்கவையே. எனினும் ஒரு நூலின் முன் அந்த அளவுகோல் நிற்கவில்லை.

'திஸ் ஸ்டார் வோன்ட் கோ அவுட்' என்பது அதன் பெயர். 'இந்த நட்சத்திரம் அணையாது' எனலாம். எஸ்தர் கிரேஸ் ஏர்ல் என்ற அமெரிக்கச் சிறுமியின் நாட்குறிப்புகள், கடிதங்கள், ஓவியங்கள், கதைகள், நண்பர்களோடு நடத்திய இணைய உரையாடல்கள் ஆகியவற்றை அவர் மறைந்த பின் பெற்றோர் தொகுத்தனர். 2014 ஜனவரியில் டட்டன் நிறுவனம் வெளியிட்டது. எஸ்தர் 1994 ஆகஸ்ட் 3இல் பிறந்தவர். 2006ஆம் ஆண்டு, குடும்பம் பிரான்ஸில் வசித்தபோது, அவருக்குத் தைராய்டு புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2010 ஆகஸ்ட் 25இல், பதினாறு வயதில் இறந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் யூடியூபில் அவர் பேசிக்கொண்டிருந்தார். ஹாரி பாட்டர் நூல்களின் வாசகர் வட்டத்தில் அவர் அறியப்பட்ட முகம். அக்காணொளிகளில் பலவற்றில் அவருடைய மூக்கில் பிராணவாயுக் குழாய் தெரிகிறது. பேச்சோ பெரும்பாலும் அதைப் பற்றியதன்று. புத்தகங்கள், நண்பர்கள், அசட்டு வேடிக்கைகள் என்றே போகிறது. 2010 ஜூலையில், அந்த வாசகர்களின் அறப்பணி அமைப்பு ஒரு வங்கி நடத்திய இணைய வாக்கெடுப்பில் இரண்டரை இலட்சம் டாலர் பரிசு வென்றது. அதற்காக எஸ்தரும் காணொளி வழியே வாக்குக் கேட்டார். தம் உயிர் எத்தனை வாரம் நீடிக்கும் என்று தெரியாத நிலையில் கேட்டது அது.

நூலின் நடுநாயகம் இந்தக் காமிராப் பேச்சன்று, நாட்குறிப்பே. தன்வரலாற்றாசிரியர் தம் கதையின் போக்கை அறிந்தவர். கஸ்ஸாலி (ரஹ்) ஐயத்தைப் பற்றி எழுதும்போது ஐயத்திலிருந்து மீண்டாயிற்று. நாட்குறிப்பு எழுதுபவருக்கு நாளைய தினம் தெரியாது. எஸ்தரின் பக்கங்களைப் புரட்டும் நமக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது. ஓரிடத்தில் மரணத்தைக் கண்டு அஞ்சுகிறார். குடும்பத்துக்குத் தாம் சுமையாகிவிட்டோமோ என வருந்துகிறார். பிறருக்குப் பயன்படும்படி எதையும் செய்யவில்லையே என்று தம்மையே குறைகூறிக்கொள்கிறார். அன்றாட அற்பங்களும் இதே பக்கங்களில் உண்டு. திரும்பிப் பார்த்துத் தொகுக்கும் முதிர்ச்சி இங்கே தேவைப்படவேயில்லை. ஆகவே இளமை ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

நம் மரபில் இதற்கு இணை தேடினால் தன்வரலாறுகளை விட்டு விலகிப் பக்தாதுக்குப் போக வேண்டும். ஹிஜ்ரி 471இல் மறைந்த ஹன்பலி அறிஞர் அபூஅலீ இப்னுல் பன்னா தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி திமஷ்கின் ளாஹிரிய்யா நூலகத்தில் கிடைத்தது. ஜார்ஜ் மக்திஸி அதைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1956, 57ஆம் ஆண்டுகளில் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். நகரக் கலவரம், யாரோ ஒருவரின் ஜனாஸா, கண்ட கனவு, அதற்குரிய விளக்கம் என நாள்தோறும் குறித்த அவை, பிறர் படிப்பதற்கென்று எழுதப்பட்டவையல்ல என்பதே மக்திஸியின் கருத்து. பெரிய வரலாற்று நூல்கள் தராத ஓர் அண்மை அக்குறிப்புகளுக்கு உண்டு. அதே அண்மைதான் எஸ்தரின் ஏட்டிலும் நம்மை நிறுத்துகிறது.

ஆனால் இப்னுல் பன்னாவுக்கும் அவருடைய வாசகருக்கும் இடையே ஒன்பது நூற்றாண்டுகள் இருந்தன. எஸ்தர் இறந்து நான்காண்டுகள் முடியுமுன்பே ஏடு கடைக்கு வந்துவிட்டது. அதில் பெயர் கூறப்பட்ட உடன்பிறப்புகளும் தோழர்களும் உயிரோடிருந்தார்கள். காமிராவின் முன் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை எஸ்தரே தீர்மானித்தார். ஏட்டின் விஷயத்தில் அத்தீர்மானம் பிறர் கைக்குப் போய்விட்டது. மறைந்தவர் விட்டுச்சென்ற எழுத்து ஓர் அமானிதம் என்று கருதும் வாசகருக்குச் சில பக்கங்களில், தட்டாமல் ஓர் அறைக்குள் நுழைந்துவிட்ட கூச்சம் ஏற்படவே செய்யும். எனக்கு ஏற்பட்டது. படிப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

இவ்வினா தொலைதூரத்து வினாவன்று. இன்று நம் இல்லங்களிலும் இளம் வயதில் இறந்த பிள்ளையின் கைப்பேசி, பெற்றோரின் அலமாரியில் காணொளிகளோடும் குரற்பதிவுகளோடும் கிடக்கிறது. திறப்பதா, அழிப்பதா, உறவினருக்கு அனுப்புவதா என்று அவர்கள் தவிக்கிறார்கள். ஏர்ல் தம்பதியர் எடுத்த முடிவில் ஒன்றை மதிக்கிறேன்: பரப்புவதென்று துணிந்த பின், மகளின் அச்சத்தையும் சலிப்பையும் நீக்கிவிட்டு ஒரு புனிதையை உருவாக்க முயலவில்லை.

அந்த முயற்சியை நூலின் வேறு பகுதிகள் செய்கின்றன. நண்பர்கள் எழுதிய புகழுரைகள் நம் மனாகிப் ஏடுகளை நினைவூட்டுகின்றன. எல்லோரும் ஒரே ஒளியையே கண்டிருக்கிறார்கள். இறந்தோரின் நற்செயல்களைக் கூறுங்கள் என்ற அறிவுரையை நாமும் அறிவோம். ஆயினும் தஹபீ (ரஹ்) போன்றோர் மறைந்த அறிவிப்பாளர்களைத் தயங்காது எடைபோட்டார்கள். உண்மை தேவைப்படும் இடம் வேறென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எஸ்தரை எடைபோடும் ஒரே குரல் இந்நூலில் எஸ்தருடையதாகவே இருக்கிறது. இணைய உரையாடல்களை அப்படியே அச்சிட்டிருப்பதும் தேவையற்ற பாரம், பாதியளவு போதும்.

முன்னுரை எழுதியவர் ஜான் கிரீன். 2009இல் பாஸ்டனில் நடந்த ஹாரி பாட்டர் வாசகர் மாநாட்டில் எஸ்தரைச் சந்தித்தவர். 2012இல் வந்த அவருடைய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' எஸ்தருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதன் நாயகி ஹேஸல் எஸ்தர் அல்லர் என்று அவரே கூறியிருந்தும், நாவலின் இரசிகர்கள் இந்நூலில் ஹேஸலைத் தேடுகிறார்கள். நூலின் விற்பனைக்கு இது உதவியிருக்கும். வாசிப்புக்கு உதவவில்லை. ஹேஸல் நறுக்குத் தெறித்தாற்போல் பேசுபவள். எஸ்தரின் வாக்கியங்கள் தயங்குகின்றன, தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

தம் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஒரு பொதுநாளாகக் கொண்டாட விரும்பிய ஜான் கிரீன், அந்நாள் எதைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்று கேட்டபோது, எஸ்தர் நோயைக் குறிப்பிடவில்லை. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் அன்பை வாய்விட்டுச் சொல்லும் நாளாக இருக்கட்டும் என்றார். பலருக்கு அது வரவே வராது என்பதை அவர் கண்டிருந்தார். அந்த முதல் ஆகஸ்ட் 3ஐ அவர் கண்டார். அதன்பின் இருபத்திரண்டு நாள்கள் இருந்தார்.

நூலில் அவர் எழுதிய கதைகளும் இடம்பெற்றிருக்கின்றன. நோயாளியின் நூல் என்று எண்ணி வாங்கியவர்கள் அவற்றைப் புரட்டிவிட்டுப் போகக்கூடும். எஸ்தர் தம்மைப் பற்றி எழுதாத பக்கங்கள் அவைதாம். முதலில் அவற்றைப் படித்துவிட்டு நாட்குறிப்புக்குத் திரும்புமாறு என் மாணவர்களுக்குச் சொல்வேன்.