சாந்தி ரோடு, ஒன்றாம் எண்

பெங்களூரில் ஓவியம் பார்க்கக் கிளம்புகிறவருக்கு வழக்கமான சில வழிகள் உண்டு. கஸ்தூர்பா ரோட்டில் வெங்கடப்பா கலைக்கூடம். அரண்மனைச் சாலையின் மாணிக்யவேலு மாளிகையில் 2009இல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடம். குமாரகிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் வாசல் தெரு முழுவதையும் சித்திரச் சந்தை நிறைத்துவிடும். இவை எல்லாமே பார்க்க வேண்டியவை. ஆனால் தமிழ் புழங்கும் மர்பி டவுனிலிருந்து புறப்பட்டு, அல்சூரையும் ட்ரினிட்டியையும் தாண்டி, ரிச்மண்ட் சர்க்கிள் வழியாகச் சாந்திநகருக்குள் நுழைந்தால் வேறொரு வகைக் கூடம் இருக்கிறது. விலாசம்தான் அதன் பெயர்: ஒன்றாம் எண், சாந்தி ரோடு. ஓவியரும் கலை வரலாற்றாளருமான சுரேஷ் ஜெயராம் 2003இல் தொடங்கியது. அவர் வீடும் அதுவே.

இந்த இடத்தை ரசிக்கச் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது, மரத்திலிருந்து தொடங்க வேண்டும். கட்டடக் கலைஞர் மீத்தா ஜெயின் வரைந்த இந்த வீடு ஒரு நாட்டு வாதுமை மரத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. மனை சிறியது. அதில் மரத்துக்கு ஒரு முற்றம் விட்டால் அறைக்கு இடம் குறையும். கணக்குப் பார்க்கிற எவரும் மரத்தைத்தான் விட்டுக்கொடுப்பார். இங்கே சதுர அடியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வாதுமையின் வளர்ச்சியைக் கவனித்தவர்களுக்கு இதன் நயம் புரியும். அந்த மரம் கிளைகளை அடுக்கடுக்காகக் கிடையாக விரிக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு கூரை; இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் வெளிச்சம் புகுந்து வர வழி. அகலமான இலைகள் பச்சையிலிருந்து நேராகக் காய்ந்து பழுப்பாவதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, பிறகு கருஞ்சிவப்பு என்று ஒரே கிளையில் எல்லா நிறமும் காட்டிவிட்டுத்தான் உதிரும். சித்திரக் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல்காரர் கிடைப்பது அரிது. உள்ளே போகுமுன் பார்வையாளரின் கண்ணுக்கு நிறப் பயிற்சி முடிந்துவிடுகிறது.

மரத்துக்கு இடம் விட்ட மனசு எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். சுரேஷ் ஜெயராம் தோட்டக்காரத் திகளர் மரபில் வந்தவர். லால்பாக்குக்கும் பெங்களூரின் பூந்தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் உழைத்த சமூகம் அது. ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் எடுத்து நகரத்தை இரவு முழுக்க விழித்திருக்க வைப்பதும் அவர்கள்தான். லால்பாக்கின் வரலாற்றைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாற்று நடுகிறவர், இரண்டு செடிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டால் இரண்டும் பிழைக்கும் என்று பார்க்கிறவர். சுவரில் படம் மாட்டுகிறவருக்கும் வேண்டியது அதே கண். நெருக்கி மாட்டினால் ஒரு படம் இன்னொன்றின் வெளிச்சத்தைத் தின்றுவிடும். தள்ளித் தள்ளி மாட்டினால் ஒன்றுக்கொன்று பேச்சு அற்றுப்போகும்.

பெரிய கூடங்களில் இந்த வேலைக்குத் தனி ஆட்கள் உண்டு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். வாழும் வீட்டில் அந்தக் கணக்கு கொஞ்சம் இளகும். ஸ்லைடு போட்டு ஒருவர் பேசுகிற மாலையில் கேட்பவர்கள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவரின் கண்ணுக்குப் படத்தின் அடிப்பாகம் முதலில் தெரியும். தூரிகை கடைசியாக நின்ற இடம், நிறம் தடித்து வழிந்த ஓரம், கையொப்பம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நின்று பார்த்தபோது கண் தாண்டிப்போன பகுதி அது. சிறிய அறை என்பதால் பின்னால் நகர்ந்து தூரத்திலிருந்து மதிப்பிடவும் வழியில்லை. படத்துக்குப் பக்கத்தில்தான் நின்றாக வேண்டும். பக்கத்தில் நின்றால் மேற்பரப்பைப் படித்தாக வேண்டும். இடப்பற்றாக்குறை இங்கே பார்வைக்கு ஓர் ஒழுங்கைக் கற்றுத்தருகிறது.

வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிற இடமும் இதே வீடு. அதனால் முடிந்த படைப்புக்கும் முடியாத படைப்புக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. அடுப்படியும் அதே கூரைக்குக் கீழே. கண்காட்சியைப் பற்றிய காரசாரமான பேச்சு, படத்தின் முன்னால் தொடங்கி, சாப்பாட்டுத் தட்டோடு தொடர்வது இங்கே இயல்பு.

இந்த வீட்டின் வழியாகக் கலைக்குள் வந்தவர்களில் தனித்துச் சொல்ல வேண்டியவர் காப் ஷிவா. ராமநகர மாவட்டத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து காவல்துறையில் கான்ஸ்டபிளாக இருந்தவர். ஒன்றாம் எண்ணில் ஓவியர்களோடு பழகி, அங்கேயே ஒருங்கிணைப்பு வேலைகள் பார்த்து, கேமராவைக் கையில் எடுத்தார். காக்கிச் சட்டை போட்டவருக்குச் சாலையில் போகிறவர்களின் முகத்தையும் நடையையும் உடுப்பையும் நொடியில் அளக்கத் தெரிந்திருக்கும். அந்தக் கூர்மையைக் கைவிடாமல், அதிலிருந்த சந்தேகத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டார் என்று அவருடைய படங்களைப் பார்க்கும்போது தோன்றும்.

அவருடைய காந்தித் தொடரில் இருப்பவர் கர்நாடகக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளிப் பூச்சுப் பூசிக்கொண்டு, வட்டக் கண்ணாடியும் கைத்தடியுமாகக் காந்தியாக நிற்பவர். சுற்றிலும் அன்றாடக் கிராமம். வெள்ளி நிறம் தோலின் வயதை, வெயிலை, களைப்பை எல்லாம் ஒரே மினுக்கத்தில் மூடிவிடுகிறது. மனிதர் உலோகமாகிவிடுகிறார். ஆனால் கண்ணுக்குப் பூச்சுப் பூச முடியாது. சிலையின் முகத்தில் ஈரமான இரண்டு கண்கள், அதுவும் ஒரு வாத்தியாரின் கண்கள், நம்மை நேராகப் பார்க்கின்றன. பின்னணியில் நிற்கிற மற்றவர்கள் தங்கள் இயல்பான நிறத்தில் இருப்பதால் அவர்தான் அந்நியராகத் தெரிய வேண்டும். சற்று நேரம் பார்த்தால் தலைகீழாகிவிடும். நாற்சந்திச் சிலைக்குப் பழகிப்போன நமக்கு அந்த வெள்ளி உருவம் வெகு சாதாரணமாகி, சுற்றியிருக்கிற தெருவும் சுவரும் முகங்களும் புதிதாகத் துலங்கத் தொடங்கும்.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது அவருடைய எம்.ஜி.ஆர். தொடர். எம்.ஜி.ஆராகவே உடுத்தி உலவும் ஒரு ரசிகர்தான் இதன் நாயகர். இந்தப் படங்களை மர்பி டவுன்காரர் ஒருவர் பார்ப்பதற்கும் வெளிநாட்டு விருந்தினர் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாக்ஸ்பேட்டை என்ற பெயரில் இருந்து, 1920களில் புதுக் குடியிருப்பாகி, மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்ற பகுதி அது. தலைமுறைகளாகத் தமிழ் புழங்கும் தெருக்கள். அங்கிருந்து வருகிறவருக்கு அந்தத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த விறைப்பு எந்தப் படத்தின் விறைப்பு என்றுகூட அவர் சொல்லிவிடுவார். விருந்தினர் வேடத்தைப் பார்க்கும் இடத்தில் இவர் பக்தியைப் பார்க்கிறார்.

இரண்டு தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தனிச் சுவை. காந்தியாக நிற்பவர் உடம்பை மூடிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்ட எம்.ஜி.ஆர். படங்களில் உடம்பு தெரிகிறது, கண் ஒளிந்துகொள்கிறது. முன்னதில் மனிதரைக் கண்ணில் தேடுகிறோம். பின்னதில் வாயோரத்தில், விரல்களில், தோளின் சாய்வில் தேடுகிறோம். இருவரையுமே கேமரா கேலி செய்யவில்லை. வேடக்காரரைப் படம் எடுப்பவருக்குச் சிரிப்பு வரவழைப்பது சுலபம். ஒரு அங்குலம் கீழிருந்தோ மேலிருந்தோ எடுத்தால் போதும். ஷிவாவின் மரியாதை, பெரும்பாலும் அவர் கேமராவை எதிரே நிற்பவரின் உயரத்துக்குச் சமமாக வைப்பதில் இருக்கிறது.

ஒன்றாம் எண்ணைப் போலக் கலைஞர்களே நடத்தும் இடங்கள் நமக்குப் புதியவை அல்ல. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் காலூன்றியது. அங்கே வாழ்ந்த ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ் பின்னாளில் பெங்களூரில் குடியேறியபோது அந்த அனுபவமும் கூடவே வந்தது. 2009-10இல் ஜே.சி. ரோட்டின் ஏ.டி.ஏ. ரங்கமந்திரத்தில் இளம் கலைஞர்கள் கூடி வாடகையைப் பங்கிட்டு, முன்கூட்டியே முடிவு தேதி குறித்துக்கொண்டு நடத்திய ‘சமூஹா’ இன்னொரு வகை. முன்னது ஊரையே உண்டாக்கியது. பின்னது ஒரு தவணைக் காலத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தது. ஒன்றாம் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: நிலைத்த கூரை, மாறிக்கொண்டே இருக்கிற மனிதர்கள்.

அதன் அழகும் அபாயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒரு அறக்கட்டளையின் பெயரில் நடந்தாலும், அந்த வீட்டின் ருசி ஒரு மனிதரின் ருசி. அரசுக் கூடத்தில் அதிகாரி மாறினாலும் கூடம் அப்படியே இருக்கும். யாருடைய ருசியும் அதில் இல்லாததால் இழக்கவும் ஒன்றுமில்லை. இங்கே இழக்க நிறைய இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததன் பலன், ஒரு கான்ஸ்டபிள் கலைஞரானது. அப்படிக் கதவு திறக்க மனமுள்ள கலைஞர்கள் அல்சூரிலும் மர்பி டவுனிலும் இருக்கக்கூடும். பெரிய மண்டபம் கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டின் முன்னறையும் நல்ல கண்ணும் இருந்தால் தொடங்கிவிடலாம்.